பிரெஞ்சுச் செவ்வியல் துன்பியல்: எங்கே தொடங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துன்பியல் நாடகங்களைப் படிக்க ஆசைப்படுபவர்களில் பலர் வாசற்படியோடு திரும்பிவிடுகிறார்கள். எந்த அறிமுக நூலைத் திறந்தாலும் முதலில் வருவது விதிகள்தான்: ஒரே இடம், ஒரே நாள், ஒரே செயல். மேடையில் இரத்தம் கூடாது, நகைச்சுவை கலக்கக் கூடாது, அரசர், உயர்குடியினருக்குக் கீழே யாரும் கதாநாயகர் ஆகக் கூடாது. இதைப் படித்து முடிப்பதற்குள் தேர்வுக்குத் தயாராகும் அலுப்பு வந்துவிடும். நான் சொல்லப்போகும் வரிசை வேறு. முதலில் ஒரு நாடகம். அப்புறம் அதன் செய்யுள். அடுத்து இன்னும் மூன்று நாடகங்கள். விதிகளை வழியில் பார்த்துக்கொள்ளலாம். ஆய்வாளர்கள் கடைசியில் வரட்டும், அதுவும் அவர்கள் போட்ட சண்டைகளின் வழியாக.

பரப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டு பேரைத் தெரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம். ஒருவர் பியேர் கொர்னேய் (1606–1684): ரூவான் நகரத்து வழக்கறிஞர், முப்பதுக்கும் மேல் நாடகங்கள் எழுதியவர். மற்றவர் ழான் ராசின் (1639–1699): சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, போர்-ரோயால் மடத்தைச் சேர்ந்த ழான்செனியர்களிடம் (கண்டிப்பான ஒரு கத்தோலிக்கப் பிரிவினர்) கிரேக்கம் படித்தவர். ராசின் எழுதியது 11 துன்பியல்கள், ஒரே ஒரு நகைச்சுவை. அவ்வளவுதான். மனது வைத்தால் முழு ராசினையும் படித்துவிட முடியும்.

முதல் நாடகம்: ஆந்த்ரோமாக்

பலரும் 'ஃபேத்ர்' நாடகத்தில் தொடங்கச் சொல்வார்கள். அது ராசினின் உச்சம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதற்குக் கிரேக்கப் புராணம் கொஞ்சம் பழகியிருக்க வேண்டும். 1667 நவம்பரில் மேடையேறிய 'ஆந்த்ரோமாக்' நாடகத்துக்கு வேண்டிய முன்கதை நாலே வரி. ட்ராய் போர் முடிந்துவிட்டது. ட்ராய் இளவரசன் ஹெக்டர் இறந்துவிட்டான். அவன் மனைவி ஆந்த்ரோமாக்கும் சின்ன மகனும் கிரேக்க வீரன் அக்கிலீசின் மகன் பிர்ருசிடம் கைதிகள். அந்தப் பையனைத் தங்களிடம் ஒப்படைக்கச் சொல்லிக் கிரேக்கர்கள் ஒரெஸ்த் என்பவனைத் தூது அனுப்புகிறார்கள்.

இனி முடிச்சு. ஒரெஸ்த் காதலிப்பது எர்மியோனை. எர்மியோன் காதலிப்பது பிர்ருசை, அவனுக்குத்தான் அவள் நிச்சயிக்கப்பட்டவளும். பிர்ருசின் மனமோ ஆந்த்ரோமாக்கிடம். அவள் மனம் இறந்துபோன கணவனிடம். ஒருவர்கூடத் தன்னை விரும்புபவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இதை எழுதியபோது ராசினுக்கு 28 வயதுகூட நிறையவில்லை.

ஐந்து அங்கங்கள், மொத்தம் சுமார் 1650 வரிகள். ஒரு நாளைக்கு ஓர் அங்கம் போதும். முதல் வாசிப்பில் அடிக்குறிப்புகளைப் பார்க்க வேண்டாம். அதற்குப் பதிலாக ஒவ்வொரு காட்சியின் ஓரத்திலும் இரண்டே கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: இந்த அறையில் யாருடைய கை ஓங்கியிருக்கிறது? எதிரே நிற்பவர் வாயிலிருந்து எந்த வார்த்தையை வரவழைக்கப் பார்க்கிறார்?

முதல் அங்கத்தின் நான்காம் காட்சியை எடுத்துக்கொள்வோம். ஆந்த்ரோமாக் எதிரே வருகிறாள். "என்னைத் தேடியா வந்தீர்கள்?" என்று பிர்ருஸ் ஆசையோடு கேட்கிறான். இல்லை, என் மகனை அடைத்து வைத்திருக்கும் இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் என்கிறாள் அவள். ஒரு நாளைக்கு ஒரு முறை அவனைப் பார்க்க நீங்கள்தான் அனுமதி தந்திருக்கிறீர்கள், அவனோடு சேர்ந்து கொஞ்ச நேரம் அழலாம் என்று போகிறேன், இன்று இன்னும் அவனை அணைத்துக்கொள்ளவில்லை. சாதாரணமாகச் சொல்வதுபோல் இருக்கும். ஆனால் காதலன்போல் பேச வந்தவனை ஒரே வரியில் சிறைக்காவலனாக்கி நிறுத்திவிட்டாள். அவன் விடுவானா? பையனின் உயிரைக் கிரேக்கர்கள் கேட்கிறார்கள் என்ற செய்தியை அங்கேயே இறக்குகிறான். அவனைக் காப்பாற்றுகிறேன், ஆனால் அதற்கு விலை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறான். கத்தி இல்லை, கூச்சல் இல்லை. இரண்டு பேர் மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அதற்குள் ஒரு குழந்தையின் உயிர் பேரத்துக்கு வந்துவிட்டது.

இந்த நாடகங்களில் 'எதுவும் நடப்பதில்லை' என்று குறைப்படுபவர்கள் தவறவிடுவது இதைத்தான். கொலை, தற்கொலை, போர் எல்லாம் மேடைக்கு வெளியே நடக்கும், யாராவது வந்து சொல்வார்கள். மேடையில் நடப்பது பேச்சு. அந்தப் பேச்சுதான் ஆளைக் கொல்கிறது. ஐந்தாம் அங்கத்தில் பார்க்கலாம்: எர்மியோனின் கட்டளைப்படி பிர்ருசைத் தீர்த்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு ஒரெஸ்த் ஓடி வருகிறான். அவள் அவனைத் திட்டித் தீர்த்துவிட்டுக் கேட்கிறாள்: "யார் சொன்னது உனக்கு?" சொன்னவள் அவளேதான், நான்காம் அங்கத்தில். அந்தக் கேள்விக்குப் பிறகு ஒரெஸ்த்தின் புத்தி நிலைக்கவில்லை.

இன்னொன்று. தோழன், தோழி பாத்திரங்கள் வரும் காட்சிகளை வேகமாகப் புரட்டிவிடாதீர்கள். ஒரெஸ்த்தின் தோழன் பிலாத், ஆந்த்ரோமாக்கின் தோழி செஃபீஸ் போன்றவர்கள் வெறும் காது இல்லை. தலைவி தன்னையே ஏமாற்றிக்கொள்ளும்போது அதைக் கண்டுபிடிப்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

செய்யுளைக் காதால் படியுங்கள்

பிரெஞ்சு தெரியாவிட்டாலும் இந்தப் படியைத் தாண்டக் கூடாது. இந்த நாடகங்கள் 'அலெக்சாந்த்ரேன்' என்னும் யாப்பில் எழுதப்பட்டவை: வரிக்கு 12 அசை, ஆறாவது அசைக்குப் பின் ஒரு நிறுத்தம், இரண்டிரண்டு வரிக்கு ஓர் இயைபு. நெடில் குறில் கணக்கு இல்லை, எண்ணிக்கைதான் கணக்கு. கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கி எழுத்தெண்ணிப் பழகியவர்களுக்கு இது ஒரு நிமிடத்தில் பிடிபடும். ஃபேத்ர் தன் கணவனின் மகன் இப்போலித்தை முதன்முதலில் கண்ட கணத்தைச் சொல்லும் வரி இது:

ழ ல வி, ழ ரூ ழி, / ழ பா லி அ ச வ்யூ

'அவனைக் கண்டேன், சிவந்தேன், கண்ட மாத்திரத்தில் வெளிறினேன்.' ஆறு, ஆறு. மூன்று சின்ன வினைச்சொற்களில் ஒரு நோயின் தொடக்கம் முழுவதும் வந்துவிடுகிறது. ஒரு சிக்கல் உண்டு: இன்றைய பேச்சில் விழுங்கப்படும் கடைசி 'எ' ஒலி, அடுத்த சொல் மெய்யொலியில் தொடங்கினால் இங்கே ஓர் அசையாக எண்ணப்படும், உயிரொலியில் தொடங்கினால் மறையும். இதை அறியாமல் எண்ணினால் கணக்கு உதைக்கும்.

ஒலிப்பதிவு தேடுபவர்கள் 2003இல் பத்ரீஸ் ஷேரோ இயக்கி, தொமினிக் பிளான் நடித்த 'ஃபேத்ர்' நாடகத்தின் படப்பதிவைப் பார்க்கலாம். இன்னொரு கோடியில், பழைய காலத்துப் புகழ்பெற்ற நடிகை சாரா பெர்னார் அதே நாடகத்திலிருந்து பேசிப் பதிவு செய்த பழைய துண்டு இருக்கிறது, கிட்டத்தட்டப் பாட்டுபோல் இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்கு என் தேர்வு ரிச்சர்ட் வில்பர். இயைபை விடாமல், ஆனால் மேடையில் பேசக்கூடிய மொழியில் செய்திருக்கிறார். டெட் ஹியூசின் 1998 'ஃபேத்ர்' யாப்பை உதறிவிட்டு வெறியை மட்டும் எடுத்துக்கொண்டது. முதல் வாசிப்புக்கு வேண்டாம், இரண்டாவதுக்கு அருமை. டோனி ஹாரிசன் 1975இல் இதே கதையைப் பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவுக்கு இடம் மாற்றி லண்டன் தேசிய அரங்குக்கு எழுதினார். அதை ராசின் என்று சொல்ல மாட்டேன், ஆனால் விட்டுவிடக் கூடியதும் இல்லை.

பிரெஞ்சிலேயே படிப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: ராசினின் சொற்களஞ்சியம் சின்னது. ஆனால் அன்று கடுமையான பொருள் தந்த பல சொற்கள் இன்று நீர்த்துப்போய்விட்டன. பள்ளி மாணவர்களுக்கான மலிவுப் பதிப்புகளில் இதற்கான குறிப்புகள் ஒழுங்காக இருக்கும், அதில் ஒன்றை வாங்குங்கள்.

அடுத்து 'ல சித்', கூடவே விதிகள்

இப்போது கொர்னேய். 1637 ஜனவரியில் பாரிசின் மாரே அரங்கில் 'ல சித்' மேடையேறியது. ரோத்ரிக்கின் தந்தையை ஷிமேனின் தந்தை கன்னத்தில் அறைந்துவிடுகிறார். ரோத்ரிக் அவரை வாள்சண்டையில் கொல்கிறான். அவனையே காதலிக்கும் ஷிமேன், அவன் தலையைக் கேட்டு அரசனிடம் போகிறாள். ஊரே திரண்டு வந்து பார்த்தது. பின்னாலேயே பொறாமையும் வந்தது. ஸ்குதெரி என்ற சக நாடகாசிரியர் குற்றப்பட்டியல் எழுதினார். இரண்டு வருடம் முன்புதான் முதலமைச்சர் ரிஷ்லியூ நிறுவியிருந்த பிரெஞ்சு அக்காதெமி என்ற அறிஞர் அவையிடம் வழக்கு போனது. அந்த ஆண்டு டிசம்பரில் தீர்ப்பு வெளியாயிற்று, பெரும்பகுதி அதன் உறுப்பினர் ஷாப்லேன் எழுதியது.

விதிகளைக் கற்றுக்கொள்ள இந்தத் தகராறைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. அறை, வாள்சண்டை, மூர்களோடு (வட ஆப்பிரிக்க முஸ்லிம்கள்) இரவுப் போர், அரசன் முன் வழக்கு, இன்னொரு வாள்சண்டை, எல்லாம் 24 மணி நேரத்துக்குள். இது நம்பும்படி இருக்கிறதா என்றார்கள். அதைவிடப் பெரிய புகார்: தந்தையைக் கொன்றவனை ஒரு மகள் மணக்கச் சம்மதிப்பதா? வரலாற்றில் அப்படி நடந்ததே என்றால், நடந்தது உண்மையாகவே இருக்கட்டும், எல்லா உண்மையும் மேடைக்கு ஏற்றதல்ல என்பது பதில். உண்மை வேறு, நம்பத்தகுந்தது வேறு. அந்தக் காலத்து விதிகளின் அடித்தளம் இதுதான். இடம், நாள், செயல் என்ற மூன்று ஒருமைகளும் இதிலிருந்து கிளைத்தவை.

கொர்னேய் எப்படிச் சமாளித்தார் என்பதையும் பாருங்கள். கதையை அவர் ஸ்பெயினின் செவில் நகரத்தில் வைத்தார். கதையில் வரும் அரசனுக்கு வரலாற்றில் செவில் ஒருபோதும் சொந்தமாக இருந்ததில்லை. 1660இல் அவரே இதை ஒப்புக்கொண்டு காரணம் சொல்கிறார்: மூர்கள் தரைவழியாக வந்தால் ஒரே நாளில் வந்து சேர முடியாது, ஆற்றுவழியாக வந்தால் முடியும். நேரக் கணக்கைச் சரிக்கட்ட வரலாற்றை வளைத்திருக்கிறார். இப்படிப் பார்த்தால் விதிகள் கட்டளைகளாகத் தெரியாது, ஆசிரியன் தீர்க்க வேண்டிய பொறியியல் சிக்கல்களாகத் தெரியும். அதே 1660இல் அவர் வெளியிட்ட மூன்று உரைகள் தொழில் தெரிந்தவரின் பேச்சு. விதிகளைப் பற்றி ஒன்றே ஒன்று படிக்க நேரமிருந்தால் அதைப் படியுங்கள்.

கவிஞரும் விமர்சகருமான புவாலோ இலக்கிய விதிகளைத் தொகுத்த 'செய்யுட் கலை' வெளிவந்தது 1674. அதற்குள் 'ஆந்த்ரோமாக்', 'பிரித்தானிகுஸ்', 'பெரெனிஸ்' எல்லாம் மேடையேறி முடிந்துவிட்டன. ஆகவே 'புவாலோ விதி வகுத்தார், ராசின் அதன்படி எழுதினார்' என்று எங்காவது படித்தால் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

மூன்றாவதாக 'ஃபேத்ர்' (1677), நான்காவதாக 'பெரெனிஸ்' (1670). 'ஃபேத்ர்' பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, இந்த இடத்துக்கு வந்துவிட்டவரை அது தானே இழுத்துக்கொள்ளும். இப்போலித்தின் சாவை அவன் ஆசான் தெராமேன் வந்து விவரிக்கும் 70க்கும் மேற்பட்ட வரிகளை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். 'பெரெனிசை' கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அதில் யாரும் சாவதில்லை. ரோமப் பேரரசன் தீத்துஸ், தான் காதலிக்கும் அயல்நாட்டு அரசியை விட்டுப் பிரிய வேண்டும், அதை அவளிடம் சொல்ல வேண்டும். ஐந்து அங்கமும் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்குள் போய்விடுகிறது. துன்பியலுக்கு இரத்தமும் பிணமும் கட்டாயமில்லை என்று ராசின் முன்னுரையில் வாதாடுகிறார். பேச்சே செயல் என்பதற்குப் பழகிய காதுக்கு இது தாங்க முடியாத பதற்றம் தரும், பழகாத காதுக்குத் தூக்கம் வரும்.

அரங்கம் என்ற தொழில்

நாடகங்களைக் காகிதத்தில் மட்டும் வைத்துப் பார்த்தால் பாதி புரியாது. பாரிசில் அரங்குகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு பிழைத்தன. ராசினின் 'பெரெனிஸ்' ஓத்தெல் த பூர்கோஞ் அரங்கில் வந்த ஒரே வாரத்தில், கொர்னேய் அதே கதையை நகைச்சுவை நாடகாசிரியர் மோலியேரின் குழுவுக்குக் கொடுத்து மேடையேற்றினார். 'ஃபேத்ர்' வந்த இரண்டே நாளில் பிராதோன் என்பவரின் போட்டி 'ஃபேத்ர்' எதிர் அரங்கில் வந்தது. மேடை வெளிச்சம் மெழுகுவத்தியில். பணக்காரப் பார்வையாளர்கள் மேடையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், 1759 வரைக்கும். போர்க்காட்சி ஏன் மேடையில் இல்லை என்று கேட்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கலாம்: இடம் எங்கே இருந்தது?

எந்தப் பதிப்பு?

'ல சித்' நாடகத்தை 1637இல் 'துன்ப இன்பியல்' என்று அச்சிட்டார்கள், பிறகுதான் அது 'துன்பியல்' ஆயிற்று. 1660இல் கொர்னேய் வரிவரியாகத் திருத்தினார், தொடக்கமே வேறு. 'ஆந்த்ரோமாக்' நாடகத்தின் 1668 அச்சில் ஐந்தாம் அங்கத்தில் ஆந்த்ரோமாக் கைதியாக மீண்டும் மேடைக்கு வருவாள், அடுத்த பதிப்பில் ராசின் அந்தப் பகுதியை வெட்டிவிட்டார். ஆகையால் கையிலிருக்கும் புத்தகம் எந்த ஆண்டுப் பாடத்தைத் தருகிறது என்று முதலில் பாருங்கள். பழைய வழக்கம், ஆசிரியர் கடைசியாகத் திருத்தியதைத் தருவது. ராசினுக்கு அது 1697. ப்ளேயாத் என்ற செம்பதிப்பு வரிசையில் 1999இல் ழார்ழ் ஃபொரெஸ்தியே பதிப்பித்த ராசின், முதல் அச்சுகளைத் தருகிறது. மேடையில் மக்கள் கேட்டதற்கு அருகில் இருப்பது இதுதான் என்பதால் என் ஓட்டு இதற்கு. விலை அதிகம். பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் பல பழைய அச்சுகளை இலவசமாகவே பார்க்கலாம்.

ஆய்வாளர்கள்: சண்டையின் வழியாக உள்ளே

நான்கு நாடகங்கள் முடிந்தபின் இங்கே வாருங்கள். பெரிய சண்டை 1960களில் நடந்தது. ரேமோன் பிக்கார் பாரிசின் சோர்போன் பல்கலைக்கழகப் பேராசிரியர். ராசினின் வாழ்க்கையை ஆவணம் ஆவணமாகத் துருவி 1956இல் ஒரு பெரிய நூல் எழுதியிருந்தார். அதில் வரும் ராசின் காதல் வேதனையில் உருகும் கவிஞர் இல்லை, படிப்படியாக மேலே ஏறத் தெரிந்தவர். 'ஃபேத்ர்' முடிந்ததும் ராசின் ஏன் அரங்கை விட்டார் என்ற பழைய புதிருக்கும் அங்கே நிதானமான விடை கிடைக்கும்: அதே 1677இல் அவரையும் புவாலோவையும் பதினான்காம் லூயி தன் வரலாற்றாசிரியர்களாக நியமித்தார். நாடகக்காரனுக்கு அது எட்டாத உயரம்.

1963இல் விமர்சகர் ரொலான் பார்த் 'ராசின் குறித்து' வெளியிட்டார். அவருக்கு ராசினின் வாழ்க்கை வேண்டாம். எல்லாத் துன்பியல்களையும் ஒரே அமைப்பாகப் படித்தார். அதிகாரம் குடியிருக்கும் உள்ளறை, மொழி காத்துக் கிடக்கும் முன்னறை, இடையில் ஒரு கதவு. பிறகு அந்தப் புகழ்பெற்ற சூத்திரம்: அ-வுக்கு ஆ-வின் மேல் முழு அதிகாரம் உண்டு, அ ஆ-வைக் காதலிக்கிறார், ஆ திரும்பக் காதலிப்பதில்லை. 'ஆந்த்ரோமாக்' ஓரத்தில் நீங்கள் எழுதிய விடைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எவ்வளவு ஒத்துப்போகிறது என்று தெரியும். அப்படியே 'ல சித்' பக்கம் போனால் சூத்திரம் வேலை செய்யாது என்பதும் தெரியும்.

பிக்கார் 1965இல் 'புதிய விமர்சனமா, புதிய மோசடியா' என்று சிறுநூல் எழுதித் தாக்கினார். ஆதாரம் எங்கே, அந்தக் காலத்துச் சொற்பொருள் எங்கே என்பது அவர் கேள்வி. பார்த் 1966இல் 'விமர்சனமும் உண்மையும்' எழுதிப் பதில் சொன்னார். இலக்கியத்தைப் படிக்க யாருக்கு உரிமை, எந்த மொழியில் என்று விவாதம் ராசினைத் தாண்டிப் போய்விட்டது. வரலாறு இதில் பார்த்தின் பக்கம் சாய்ந்தது. என் கருத்தில், பார்த் உள்ளொளியில் வென்றார், பிக்கார் விவரத்தில் தோற்கவில்லை. இரண்டு சிறுநூல்களையும் ஒரே வாரத்தில் படித்துவிடலாம்.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லூசியன் கோல்ட்மானின் 'மறைந்த கடவுள்' (1955) தத்துவஞானி பஸ்காலையும் ராசினையும் ழான்செனியப் பின்னணியில், மார்க்சியப் பார்வையில் படிக்கிறது. கனமான நூல், அவசரம் வேண்டாம். ழாக் ஷெரேரின் 'பிரான்சில் செவ்வியல் நாடக ஆக்கம்' (1950) கையேடு மாதிரி: ஓர் அங்கம் எப்படித் தொடங்கும், காட்சிகள் எப்படிக் கோக்கப்படும் என்று நூற்றுக்கணக்கான நாடகங்களைப் பிரித்துப் போட்டுக் காட்டும். தொடர்ந்து படிக்கும் நூல் இல்லை, தேடிப் பார்க்கும் நூல். ஃபொரெஸ்தியேவின் ஆய்வுகள், ஆசிரியர் முடிவிலிருந்து பின்னோக்கிக் கதையைக் கட்டிய விதத்தை ஆராய்கின்றன. எழுதுபவர்களுக்கு இவர்தான் அதிகம் பயன்படுவார்.

எச்சரிக்கையும் கொஞ்சம் வேண்டும். லூயி ராசின் தன் தந்தையைப் பற்றி 1747இல் எழுதிய நினைவுக்குறிப்புகளை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். தந்தை இறந்தபோது அவருக்கு வயது ஆறு. அதேபோல் 'கொர்னேய் மனிதர்களை இருக்க வேண்டியபடி காட்டினார், ராசின் இருக்கிறபடி காட்டினார்' என்ற ஒப்பீடு. லா ப்ருயேர் என்ற எழுத்தாளர் 1688இல் சொன்னது, கேட்க அழகாக இருக்கிறது, மூன்று நூற்றாண்டாக மாணவர்களை யோசிக்க விடாமல் செய்துவருகிறது. எழுத்தாளர் வோல்த்தேர் 1764இல் கொர்னேய் நாடகங்களுக்கு எழுதிய விளக்கவுரையில் குற்றம் கண்டுபிடிப்பதே அதிகம். ஆனால் அந்தப் பதிப்பின் வருமானம் கொர்னேய் குடும்பத்து ஏழைப் பெண் ஒருத்தியின் சீதனத்துக்குப் போயிற்று. விமர்சனத்தால் ஒரு கல்யாணம் நடந்தது என்றால் அது இதுதான்.

இரண்டு பெயர்களுக்கு அப்பால்

இதற்குமேல் போக விரும்புபவர்கள் மறந்துபோனவர்களைத் தேடலாம். அந்த நூற்றாண்டின் பெரிய வெற்றிகளில் ஒன்று ராசினுடையதும் அல்ல, பியேர் கொர்னேயுடையதும் அல்ல. அவர் தம்பி தோமா கொர்னேயின் 'திமோக்ராத்' (1656) அது. அதே நூற்றாண்டு நாடகாசிரியர்கள் ரொத்ரூ, த்ரிஸ்தான் லெர்மித் இருவரும் படிக்கத் தகுந்தவர்கள். கத்ரின் பெர்னார் எழுதிய 'ப்ருத்துஸ்' 1690இல் பாரிசின் அரசு நாடகக் குழுவான கோமெதி ஃப்ரான்சேசில் நடந்தது. பெண் நாடகாசிரியர்கள் இல்லை என்று சொல்பவர்களிடம் நீட்டலாம். இவர்களைத் தேட லங்காஸ்டர் என்ற அமெரிக்க அறிஞர் 1929 முதல் 1942 வரை வெளியிட்ட ஒன்பது தொகுதி வரலாறு இன்றும் உதவுகிறது. அவருடைய தீர்ப்புகளை நம்ப வேண்டாம், தேதிகளையும் கதைச் சுருக்கங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு பயிற்சி. கோமெதி ஃப்ரான்சேஸ் தொடக்கத்திலிருந்தே தன் தினசரி வசூல் கணக்கை எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பேரேடுகள் எண்ணிம வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1680 ஆகஸ்ட் 25, குழுவின் முதல் நாள், அன்று போட்டது 'ஃபேத்ர்'. அந்தப் பக்கத்தைத் திறந்து, அன்றைய வசூலைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அடுத்த ஒரு மாதத்தில் எந்த ஆசிரியர் எத்தனை முறை மேடையேறினார், யாருக்குக் கூட்டம் சேர்ந்தது என்று ஒரு பட்டியல் போடுங்கள். அதில் கேள்விப்படாத பெயர் எது வந்தாலும், அடுத்துப் படிக்க வேண்டிய நாடகம் அதுவாக இருக்கட்டும்.